விழித்த காரணம்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
கட்டம் போட்ட ஒரு நோட்டு கொடுத்தார்கள்.
எப்போது படுத்தேன், எப்போது உறங்கினேன்,
எத்தனை தடவை விழித்தேன்.
கடைசிக் கட்டத்தின் தலையில்
‘விழித்த காரணம்’.

நர்ஸ் ஜெபக்கனி ஐந்து வார்த்தை சொன்னாள்.
“சங்கரவடிவு அக்கா, மனசுல வச்சுக்கிடுங்க,
பத்து நிமிசங் கழிச்சுக் கேப்பேன்.”
பத்து நிமிடமும் எடை, பிரஷர்,
இடது கை எவ்வளவு உயரம் போகிறது
என்று சுவரில் ஒரு பென்சில் கோடு.
பிறகு கேட்டாள்.
தேங்காய். சாவி. தம்பி. பச்சை.
ஐந்தாவதற்கு வாயைத் திறந்தேன்,
காற்று வந்தது.
“பரவால்லக்கா” என்று சொல்லி
நாலு என்று எழுதினாள்.

பரவாயில்லையா?
இருபத்தாறு வருசம்
கல்லிடைக்குறிச்சித் தபாலாபீசில் கடிதம் பிரித்தவள் நான்.
பின்கோடு எழுதாத கவரையும்
கண் பார்க்குமுன் கை அதன் குழியில் போட்டுவிடும்.
சேரன்மாதேவி நானூற்றிப் பதினாலு.
வீரவநல்லூர் நானூற்றி இருபத்தாறு.
பத்தமடை நானூற்றி ஐம்பத்தி மூணு.
மைதீன் சார் பந்தயம் கட்டித் தோற்று
ஆமவடை வாங்கித் தந்திருக்கிறார்.

சிவப்பு மருந்து மூன்றாம் தடவை ஏறிய பிறகு
முக்கூடல் என்று எழுதிய ஒரு கவரோடு நின்றேன்.
ஊர் தெரிகிறது. ஆற்றுப் பாலம் தெரிகிறது.
என்னைப் பெண்பார்க்க வந்துபோய்
வேண்டாமென்று சொல்லியனுப்பிய வீட்டின்
நீலக் கதவுகூடத் தெரிகிறது.
எண் மட்டும் இல்லை.
மைதீன் சார் வந்து கவரை மெதுவாக வாங்கி
“அறுநூத்தி ஒண்ணும்மா” என்று தானே போட்டார்.
அன்றைக்கு அவர் சிரித்திருக்கலாம்.

மருந்தன்றைக்குக் கொடுக்கும் மாத்திரை உறங்க விடாது.
அது ஓய்ந்தால் அடிவயிற்றில் தொடங்கிக்
கழுத்துவரை யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.
இடதுபக்கம் படுக்கக் கூடாது.
பிறந்ததிலிருந்து இடதுபக்கம் படுத்தவள்.
உறக்கம் இன்னும் அந்தப் பக்கமாகவே வந்து
ஆளைக் காணோமென்று திரும்பிப் போகிறது.

ஊசியறையில் பக்கத்து நாற்காலி ரகுமத்நிஷாவுக்கு,
மேலப்பாளையம், நல்ல உறக்கமாம்.
உறக்கத்தில் அவள் விரல்கள் பீடி சுற்றுகின்றன,
இலையுமில்லை தூளுமில்லை.
பாதி விழிப்பில், எத்தனை ஆச்சு, என்கிறாள்.
“முந்நூறும்மா” என்கிறாள் மகள்.
சரி என்று மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறாள்.

எனக்கு அப்படிக் கணக்குச் சொல்ல ஆளில்லை.
அவருக்கு ஆறு மணி ஷிப்ட்,
உறங்கட்டும்.

ரெண்டே முக்கால்.
கேரளாவுக்கு எம்சாண்ட் ஏற்றிய லாரிகள்
சன்னலை ஆட்டிவிட்டுப் போகின்றன.
தேங்காய், சாவி, தம்பி, பச்சை.
நாலு பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்டேன்,
கூட வந்தது யாருல?
தேங்காய்க்கு ஒன்றும் தெரியாது.
சாவி பீரோவில் தொங்குகிறது.
தம்பி சார்ஜாவில், போன் எடுக்க மாட்டான்.
பச்சை, வாசலில் சுருண்டு கிடக்கிற
ஓஸ்பைப்பாகத்தான் இருக்கும்.

பாத்ரூம் போய்விட்டு வந்தேன்.
மழைகூட இல்லை.
காரணம் ஒன்றுமே இல்லாமல், கால் துடைக்கையில்,
குடை.

என் குடை!
தபாலாபீஸ் ஆணியில்,
மெடிக்கல் லீவ் எழுதிக் கொடுத்த அன்று மாட்டியது.
மஞ்சள் பூப் போட்டது, ஒரு கம்பி வளைந்தது.
மைதீன் சார் எடுத்து வைத்திருப்பாரோ.
எடுத்திருந்தால் சொல்லியிருப்பாரே.
அங்கேயேதான் தொங்கும்.

அவரை எழுப்பவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் நோட்டை எடுத்தேன்.
விழித்தது, மூன்றாம் தடவை. மணி மூணு பத்து.
விழித்த காரணம், குடை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கனி
அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.
“மழையாக்கா?”
“இல்லட்டி, அஞ்சாவது.”

நாலை அடித்து ஐந்தாக்க விதியில்லையாம்.
பேனாவை மட்டும்
மூடாமல் வைத்திருந்தாள்.